மூச்சின் அளவும் விரைவும்

நாஞ்சில் நாட்டு மாணவர்களுக்கு நெய்யூர் மருத்துவமனை புதியதன்று. அங்குப் பல்லாண்டு அறுவை மருத்துவராகத் தொண்டாற்றிய ஹோவர்ட் சாமர்வெல், எவரெஸ்ட் மலையேற்ற முயற்சிகளிலும் பங்கு கொண்டவர். 1924 ஜூன் 4 அன்று, கலத்தில் அடைத்த பிராணவாயுவின் துணையின்றி ஏறத்தாழ 28,000 அடி வரை ஏறினார். இறங்கும்போது, கடுங்குளிரால் கேடுற்ற தொண்டையின் உட்சவ்வு பெயர்ந்து மூச்சு வழியை அடைத்துவிட்டது. இறுதி முயற்சியாக இரு கைகளாலும் மார்பை அழுத்தினார், அடைப்பு வெளிவந்தது, உயிர் பிழைத்தார்.

அத்துணை உயரம் ஏறிய நுரையீரலுக்கு வலிமை குறைவோ? அன்று, வழியே அடைபட்டது. கொள்ளளவு வேறு, வழி வேறு. மூச்சுச் சோதனை இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுகிறது.

1846இல் ஆங்கில மருத்துவர் ஜான் ஹட்சின்சன், இரண்டாயிரவருக்கு மேற்பட்டோரின் மூச்சை அளந்து வெளியிட்டார். உயரத்தோடு அளவு மிகும். முதுமையில் குறையும் என்று கண்டார். ஆயினும், காற்று வெளிவரும் விரைவு அவ்வளவையில் இல்லை. 1947இல் பிரான்சு நாட்டு டிஃப்னோ, பினெல்லி இருவரும் முதல் நொடியில் வெளிவரும் காற்றைக் கணக்கிட்டனர்.

ஒருவர் ஊதும் 4 லிட்டரில் 3 லிட்டருக்கு மேல் முதல் நொடியில் வந்தால் வழி பெரும்பாலும் சீரானது. 2 லிட்டரே வந்தால், ஆஸ்துமா போன்ற நோயால் வழி குறுகியிருக்கலாம். மொத்த அளவு குறைந்தும் இவ்விகிதம் குறையாதிருப்பின், நுரையீரல் விரிவதிலேயே தடை இருக்கலாம். வயது, உயரம், பால் ஆகியவற்றோடு ஒப்பிட்டே மருத்துவர் முடிவு கூறுவார்.

ஆகவே, ஒற்றை எண்ணைக் கண்டு அஞ்சுதலும் தவறு. அதனை நம்பி வாளாவிருத்தலும் தவறு.