பரணில் இருந்த பெண்கள்

1975 ஜூலையில் ஹாம்பர்க் நகரின் ஓட்டன்சன் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் தீப்பிடித்தது. அணைக்க ஏறிய தீயணைப்பு வீரர்கள் உச்சிமாடி வீட்டின் பரணில் பெண்களின் உடல்பாகங்களைக் கண்டார்கள். அங்கே குடியிருந்த இரவுக் காவலாளி ஃபிரிட்ஸ் ஹோங்கா, 1970இல் ஒருவரும் 1974, 75இல் மூவருமாக நான்கு பெண்களைக் கொன்றிருந்தான். முதல் கொலையில் காவல்துறையால் அவனை நெருங்க முடியவில்லை. மற்ற மூவரும் மாதக்கணக்கில் பரணில் கிடந்தார்கள். தற்செயலாக மூண்ட நெருப்புதான் அவனைக் காட்டிக்கொடுத்தது.

இதை ஃபாத்தி அக்கின் ‘தங்கக் கையுறை’ என்ற படமாக எடுத்து, 2019 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் திரையிட்டார். ஹைன்ஸ் ஷ்ட்ரூங்கின் நாவலைத் தழுவிய படம். தலைப்பு, ஹோங்கா பெண்களைச் சந்தித்த மதுக்கடையின் பெயர். நான் இரண்டு தவணைகளில்தான் பார்த்து முடித்தேன். தொடக்கத்திலேயே ஒரு பெண்ணின் பிணத்தை அவன் மூட்டைகட்டப் போராடுகிறான். அன்று அதோடு நிறுத்திவிட்டேன்.

தொடர்கொலையாளியை மேதையாக்கும் வழக்கமான வித்தை இதில் இல்லை. அக்கினின் ஹோங்கா தடுமாறுகிற, போதை தெளியாத, எதையும் உருப்படியாகச் செய்யத் தெரியாத ஆள். வீட்டு நாற்றத்துக்குக் கீழ்வீட்டுக் கிரேக்கத் தொழிலாளர்களின் சமையலைக் குற்றம் சொல்கிறான், கேட்டவர்களும் நம்பிவிடுகிறார்கள். துருக்கியிலிருந்து வந்தவர்களின் மகனாக இதே ஊரில் பிறந்த இயக்குநருக்கு அந்த இடம் நன்றாகக் கைவந்திருக்கிறது.

ஆனால் என்னை உறுத்தியது வேறு. இருபதுகளில் இருந்த யோனாஸ் டாஸ்லர் என்ற நடிகருக்குப் போலி மூக்கு, மாறுகண், சொத்தைப் பல் எல்லாம் ஒட்டி ஹோங்காவாக்கியிருக்கிறார்கள். கொடூரம் என்றால் அவலட்சணம் என்ற பழைய கணக்கு. அதே கணக்கைப் பெண்கள் மீதும் போடுகிறது கேமரா. தளர்ந்த மார்பு, பெருத்த வயிறு, கலைந்த உள்ளாடை என்று அங்கேயே நிற்கிறது. கொலைக்கு முன்பே நாம் முகம் சுளித்துவிடுகிறோம். எதைப் பார்த்து? வயதான ஏழைப் பெண்ணின் உடம்பைப் பார்த்து. அடிக்கிற கையைப் பார்த்து வரவேண்டிய அருவருப்பில் பாதி அங்கேயே செலவாகிவிடுகிறது.

படத்தில் ஒரு பள்ளி மாணவி வருகிறாள், பொன்னிறக் கூந்தலோடு. கற்பனைப் பாத்திரம். ஹோங்கா அவளைப் பின்தொடரும்போதுதான் நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கெர்டா என்ற முதிய பெண் அவனுடைய படியேறும்போது அப்படி அடித்துக்கொள்ளவில்லை. எனக்கும்தான். வெட்கமாக இருந்தது.

கொல்லப்பட்ட நால்வரும் 42 முதல் 57 வயதுக்குள் இருந்தவர்கள். ஐம்பதைத் தாண்டியிருந்த மூவரும் 1920ஐ ஒட்டிப் பிறந்த தலைமுறை. இட்லர் ஆட்சிக்கு வந்தபோது பள்ளிச் சிறுமிகள். 1943 ஜூலையில் ஹாம்பர்க் மீது குண்டு பொழிந்து பல்லாயிரம் பேர் மாண்டபோது இளம்பெண்கள். போருக்குப் பின் கையால் செங்கல் பொறுக்கி நகரங்களைச் சுத்தம் செய்த ‘இடிபாட்டுப் பெண்கள்’ என்று இந்தத் தலைமுறைக்குத்தான் பெர்லினில் சிலை வைத்தார்கள். அதே தலைமுறைப் பெண் கணவனோ வேலையோ வீடோ இல்லாமல் மதுக்கடை முக்காலிக்கு எப்படி வந்து சேர்ந்தாள்? படம் அந்தக் கேள்வியின் வாசல்வரை போய்த் திரும்பிவிடுகிறது. அவர்களை நாம் சந்திப்பதே மதுக்கடையில்தான், ஏற்கெனவே போதையில்.

படம் வெளியான அதே மாதம் லண்டனில் ஹாலி ரூபன்ஹோல்டின் ‘தி ஃபைவ்’ வந்தது தற்செயல். 1888இல் ‘ஜாக் தி ரிப்பர்’ கொன்ற ஐந்து பெண்களின் வரலாறு. கொலைகாரன் யார் என்ற விசாரணைக்கு அதில் இடமே இல்லை. ஸ்வீடனின் பண்ணை வீட்டிலிருந்து வந்த எலிசபெத் ஸ்ட்ரைட், வண்டிக்காரரின் மனைவியாக இருந்த ஆனி சாப்மன் என்று ஒவ்வொருவரையும் பிறப்பிலிருந்து தொடர்கிறார். ஐவருமே பாலியல் தொழிலாளர்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்கிறார். இறந்தபோது கேத்தரின் எடோஸிடம் இருந்தவற்றில் தேயிலை, சர்க்கரை, சோப்புத் துண்டுகள், சீப்பு எல்லாம் உண்டு. வீடு இல்லாதவள் ஒரு வீட்டையே சுமந்து நடந்திருக்கிறாள். அந்தப் பட்டியலைப் படித்தபோது வந்த நடுக்கம் அக்கினின் ரம்பக் காட்சியில் எனக்கு வரவில்லை.

ஒன்றைச் சொல்லவேண்டும். மார்கரெத்தே டீசல் நடித்த கெர்டா உயிர் தப்புகிறாள். ரட்சணிய சேனையைச் சேர்ந்த ஒரு பெண் மதுக்கடைக்குள் வந்து அவளிடம் பேசி, கையோடு அழைத்துப்போகிறாள். சின்னக் காட்சி. அந்தக் கடையில் வேறு யாரும் இந்தப் பெண்களிடம் அப்படிப் பேசுவதில்லை.

ஹோங்காவுக்கு 1976இல் 15 ஆண்டு சிறை விதித்தார்கள். 1993இல் வெளியே வந்து, வேறு பெயரில் முதியோர் இல்லத்தில் இருந்து, 1998இல் இறந்தான். அந்த மதுக்கடை இன்னும் நடக்கிறது. அதன் பெயர்ப்பலகையில் ‘ஹோங்கா அறை’ என்றும் எழுதியிருந்தது. சுற்றுலா வந்தவர்கள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.