ஒரு பெயர், இரு பொருள்

கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1986-இல் தொடங்கப்பெற்ற போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருள், யூனிக்ஸ் இயங்குதளத்தில் வளர்ந்தது. 2005-ஆம் ஆண்டு வந்த 8.0 பதிப்பிலேதான் அது விண்டோஸிலும் நேரே இயங்கலாயிற்று. குடிபெயர்ந்த இடத்தில் ஒரு பெயர் இடறிற்று. செயலை நிறுத்தவேண்டிய பிழைக்கு 'எரர்' என்று பெயரிட்டு, 20 என மதிப்பளித்திருந்தது போஸ்ட்கிரெஸ். விண்டோஸின் வரைகலைக் கோப்போ அதே பெயருக்குச் சுழியம் என்று வைத்திருந்தது. கவனியாது விட்டால் பெரும்பிழையும் அற்பச் செய்தியாய்க் கடந்துபோகும். வங்கிக் கணக்காயின் விளைவை எண்ணிப் பாருங்கள்! ஒரே பெயருடைய இரு மாணவரை வருகைப் பதிவேட்டில் நான் தலைப்பெழுத்தால் பிரித்ததுண்டு. அவர்களும் 'பிஜிஎரர்' என்ற பெயரில் தம் மதிப்பைக் காத்து, விண்டோஸ் தந்த பொருளை நீக்கி, பழம்பெயரை மீட்டனர். அதிலும் ஒரு நுட்பம்: 'எரரின் மதிப்பே பிஜிஎரருக்கும்' என்று எழுதியிருந்தால் அதுவும் சுழியமாகியிருக்கும், ஆகவே 20 என்னும் எண்ணையே நேராக எழுதி வைத்தனர்.