வீட்டை ஒட்டிய பெரிய மரம்: கிரேன் வைத்து அகற்றும் முன் கவனிக்க வேண்டியவை

2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது, டெல்டா மாவட்டங்களில் தோப்புகளோடு வீட்டுக் கொல்லையில் நின்ற மரங்களும் சாய்ந்தன. வீட்டின் மேல் சாய்ந்திருக்கும் புளி, மா, வேம்பு, பட்டுப்போன தென்னை ஆகியவற்றை ஐப்பசி மழைக்கு முன், தரை காய்ந்திருக்கும்போதே அகற்றிவிடுவது நல்லது. மரம் விழ இடமில்லாத வீட்டோரத்தில் கிரேன்தான் பாதுகாப்பான வழி.

அனுமதி

புறம்போக்கிலோ சாலையோரத்திலோ நிற்கும் மரம் என்றால், முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். சந்தன மரமாக இருந்தால் பட்டா நிலத்தில் நின்றாலும் வனத்துறை அனுமதி தேவை. மரத்தின் அருகே மின்கம்பி சென்றால், மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் ஆள் வந்து இணைப்பைத் துண்டித்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தால் தெருக் கம்பியில் மின்சாரம் நிற்காது.

எடைக் கணக்கு

தூக்கப்போகும் துண்டின் எடை தெரியாமல் கிரேனை அழைக்காதீர்கள். சுற்றளவை அடியில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 12.5-ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். பச்சை மரம் கன அடிக்கு ஏறத்தாழ 30 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 அடி சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள துண்டு சுமார் 29 கன அடி. எடை 860 கிலோவுக்கு மேல். புளி போன்ற கெட்டி மரம் இன்னும் கனக்கும். மர வியாபாரிகள் போடும் கால் சுற்றளவுக் கணக்கு உண்மை அளவைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகக் காட்டும். அதை எடைக்குப் பயன்படுத்த வேண்டாம்.

12 டன் கிரேன் என்றால் எல்லா இடத்திலும் 12 டன் தூக்கும் என்று நினைக்காதீர்கள். கை நீள நீளத் தூக்கும் திறன் வேகமாகக் குறையும். மரத்துக்கும் கிரேன் நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தைச் சொல்லி, அந்தத் தூரத்தில் எத்தனை கிலோ தூக்கும் என்பதை வண்டியில் உள்ள அட்டவணையைப் பார்த்துச் சொல்லும்படி ஓட்டுநரிடம் கேளுங்கள்.

நிற்கும் இடம்

செப்டிக் டேங்க், பழைய கிணறு, மூடிய வாய்க்கால், புதிதாகக் கொட்டிய மண் ஆகியவற்றின் மேல் கிரேன் நிற்கக் கூடாது. இவை எங்கே இருக்கின்றன என்பது உங்களுக்குத்தான் தெரியும். முன்கூட்டியே குச்சி நட்டு அடையாளம் வையுங்கள்.

வெட்டும் முறை

• கதண்டு, தேன்கூடு இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.
• அடிமரத்தைத் தட்டிப் பாருங்கள். பொத்தல் சத்தம் வந்தால் அந்த மரத்தில் ஆள் ஏறக் கூடாது. கூன்வண்டு தாக்கிய தென்னைக்கும் இதே விதிதான்.
• கிளைகளை முதலில் கழித்து, பிறகு தண்டை மேலிருந்து கீழாகத் துண்டு துண்டாக இறக்குங்கள்.
• துண்டின் பாதி உயரத்துக்கு மேலே பெல்ட் கட்டி, கிரேன் எடையைத் தாங்கிய பிறகே ரம்பம் வையுங்கள். அறுப்பவர் விலகிய பிறகே தூக்க வேண்டும்.
• ஆடாமல் இருக்க, துண்டின் ஒரு முனையில் கயிறு கட்டித் தூரத்திலிருந்து பிடியுங்கள். தொங்கும் துண்டின் கீழ் யாரும் நிற்கக் கூடாது.
• சைகை காட்டுபவர் ஒருவர் மட்டுமே இருக்க வேண்டும்.
• காற்று பலமாக வீசினால் வேலையை நிறுத்துங்கள்.

அடிக்கட்டை

கிரேனால் அடிக்கட்டையைப் பிடுங்க முயலாதீர்கள். வேர் விடாவிட்டால் வண்டி கவிழும். சட்டென்று விட்டாலும் ஆபத்துதான். அஸ்திவாரத்துக்குள் வேர் போயிருந்தால், தரைமட்டத்தில் அறுத்துவிட்டு அப்படியே மக்க விடுங்கள். வேரை இழுத்தால் சுவர் விரிசல் விடும்.

வேலை நடக்கும் நேரத்தில் வீட்டில் உள்ளவர்களையும் ஆடு மாடுகளையும் வேறு இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். ஓடு உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம். உயிர் போனால் திரும்ப வராது.