குழந்தை மனம் படிக்கும் படிப்பு: கல்கத்தா முதல் ஆய்க்குடி வரை

தென்காசி, குற்றாலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அருவியும் சாரலும்தான் ஞாபகம் வரும். இதே வட்டாரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. இஞ்சினியருக்கும் மனோதத்துவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காமல், நண்பர்களும் தம்பி தங்கைகளும் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

1905-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஆல்ஃபிரட் பினே, தியோடர் சைமன் இருவரும் ஒரு சோதனையை உருவாக்கினார்கள். வகுப்பில் தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம். மக்கு என்று முத்திரை குத்துவது அல்ல. 1913-இல் லண்டன் கவுண்டி கவுன்சில் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே சிரில் பர்ட் என்ற உளவியலாளரை நியமித்தது. கல்வி உளவியலாளர் என்ற தொழில் அப்படித்தான் பிறந்தது.

நம் நாடும் பின்தங்கிவிடவில்லை. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916-இலும், மைசூரில் 1924-இலும் உளவியல் துறை தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-இல் ஜி. டி. போவாஸ் தலைமையில் துறை உருவானது. 1954-இல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் வந்தது. அதுதான் பிற்பாடு நிம்ஹான்ஸ் ஆனது. பினேயின் சோதனையை நம் மொழிகளுக்கு ஏற்ப மாற்றியவர் வி. வி. காமத். இன்றும் அது பினே-காமத் சோதனை என்றே வழங்குகிறது.

இந்தப் படிப்பில் செய்முறையும் முக்கியம். செகுவின் பலகை என்று ஒன்று உண்டு. பத்து மரத்துண்டுகளை அந்தந்த வடிவக் குழியில் குழந்தை பொருத்த வேண்டும், நேரம் குறிப்பார்கள். நம்ம ஃபிட்டிங் ஷாப் மாதிரியேதான்! ஆனால் அங்கே நாம் இரும்பை அளந்தோம். இங்கே குழந்தையை அளந்தால் மட்டும் போதாது. தாயிடம் பேச வேண்டும், வாத்தியாரைக் கேட்க வேண்டும், பிள்ளை விளையாடுவதைப் பார்க்க வேண்டும். அதனால்தான் அனுபவசாலிகளின் மேற்பார்வையில் பயிற்சி பெறுவது கட்டாயமாகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போன ஒரு பொறியியல் மாணவர் உடற்திறன் சோதனையில் விழுந்தார். கழுத்துக்குக் கீழே உடல் செயலற்றுப் போனது. அவர்தான் ஆய்க்குடி எஸ். ராமகிருஷ்ணன். தமக்குச் சிகிச்சை தந்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1992-இல் ஆடிட்டர் எஸ். சங்கர ராமன் சேர்ந்துகொண்டார்; அவரும் தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருப்பவர். ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. வளர்ச்சி தாமதமான குழந்தைகளைச் சிறு வயதிலேயே கண்டறிந்து, பணியாளர்கள் வீடு தேடிப் போய்ப் பயிற்சி தரும் முறையை அந்தச் சங்கம் கிராமங்களில் வளர்த்தெடுத்தது.

இதன் அருமை எனக்குத் தெரியும். என் அக்கா மகனுக்கு இரண்டரை வயசாகியும் பேச்சு வரவில்லை. "ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும், சும்மா இரு" என்று ஊரே சொன்னது. அப்படியே ஒரு வருஷம் போய்விட்டது. பிறகு பயிற்சிக்குப் போய் இப்போது பள்ளியில் படிக்கிறான். போன வருஷம் போனதுதான்.

செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது நமக்குத் தெரியும். கணவாயைத் தாண்டினால் வரும் அந்தத் திருவனந்தபுரத்தில்தான் குழந்தை வளர்ச்சி மையம் இருக்கிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான 17 அம்ச வளர்ச்சி அட்டவணை அங்கே உருவானது. படிப்பறிவு குறைந்த பணியாளர்கூட சில நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஆனால் அட்டவணை சந்தேகத்தை மட்டுமே சொல்லும். என்ன குறை, அடுத்து என்ன செய்வது என்று சொல்லப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். கிராமத்தில் அந்த ஆளுக்குத்தான் பஞ்சம்.

ஆஸ்திரேலியாவில் கல்வி மற்றும் வளர்ச்சி உளவியல் என்று தனிப் பிரிவே அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. இங்கே 1992-ஆம் ஆண்டு சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், மருத்துவ உளவியலாளர், மறுவாழ்வு உளவியலாளர் என்ற பெயர்களில்தான் பதிவு உண்டு. முதுகலை முடித்து இரண்டாண்டு எம்.ஃபில். என்பதே வெகுகாலம் வழியாக இருந்தது. 2020 கல்விக் கொள்கைக்குப் பின் அது மாறிவருகிறது. ஆகவே சேருமுன் அந்தப் படிப்புக்குக் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் முதுகலைப் பட்டத்தை வைத்துக்கொண்டு போர்டு மாட்டுவது சரியல்ல.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்து 21 வகைகளைப் பட்டியலிட்டது. தேர்வில் கூடுதல் நேரம், எழுத ஒருவர் என்ற சலுகைகள் கிடைக்கும். ஆனால் யாராவது சோதித்துச் சான்று தந்தால்தானே? எத்தனையோ கெட்டிக்காரப் பையன்கள் எழுத்துப்பிழைக்காக அடி வாங்கியே பள்ளியை விட்டார்கள்.

தம்பி தங்கைகளே, உங்கள் வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளை "சைக்காலஜி படிக்கட்டுமா?" என்று கேட்டால், "அதுக்கு வேலை கிடைக்குமா?" என்று மடக்காதீர்கள். தென்காசி மாவட்டம் 2019-இல்தான் பிறந்தது. அதன் கிராமங்களுக்கு வீடு தேடி வரும் உளவியலாளர் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கட்டுமே!