பான் சாவோவும் சீனப் பெண்கல்வி வரலாறும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர், அதன் பாதியினர் எழுதிவைத்த சொற்களைக் கேளாது விடுவாராயின், அவ்வரலாறு குறையுடையதாகும். சீனப் பெண்களைப் பற்றி நெடுங்காலம் நிலவிய கருத்து இக்குறைக்குத் தக்க சான்றாகும். பாதங்கள் கட்டப்பெற்று, எழுத்தறியாது, தந்தைக்கும் கணவனுக்கும் மைந்தனுக்கும் அடங்கி வாழ்ந்தோர் என்றே அவர்கள் குறிக்கப்பட்டனர். 1919ஆம் ஆண்டு மே நான்காம் நாள் எழுந்த இயக்கத்தைச் சார்ந்த சீர்திருத்தவாதிகள் இக்கருத்தை வலியுறுத்தினர். சென் தொங்யுவான் 1928இல் வெளியிட்ட சீனப் பெண்களின் வாழ்க்கை வரலாறு அதனை நிலைநாட்டிற்று. பழமையைத் தகர்க்க முற்பட்டோர்க்கு இருள் சூழ்ந்த பழமையொன்று வேண்டியிருந்தது. அவர்கள் கூறியது பொய் எனல் சாலாது. எனினும் அது முழு உண்மையும் ஆகாது.

கி. பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பான் சாவோ அம்மையாரை ஈண்டு நோக்குவோம். இவர் தமையனார் பான் கூ, முன்னை ஹான் வமிசத்தின் வரலாற்றை எழுதிவருங்கால், 92ஆம் ஆண்டிற் சிறையில் மாண்டார். குறையாய் நின்ற அப்பெருநூலை நிறைவு செய்யுமாறு ஹோ பேரரசர் அம்மையாரைப் பணித்தார். அந்நூல் கற்றற்கரியதாய் இருந்தமையின், மா சுங் போன்ற அறிஞரும் அம்மையாரிடம் பாடங் கேட்டனர். இளமையிலேயே கணவனை இழந்த இவரே தெங் பேரரசிக்கும் ஆசிரியையாய் விளங்கினார்.

இத்தகைய பேரறிஞர் தம் குடும்பப் பெண்களுக்கென ஏழு அதிகாரங்களில் ஓர் அறிவுரை நூலும் இயற்றினார். பெண்ணுக்குப் பணிவே அணி என்று அந்நூல் போதிக்கின்றது. பிற்காலத்தார் பெண்களை அடக்குதற்கு அதனையே கருவியாக்கினர். சீர்திருத்தவாதிகளோ அது பற்றி அவரைப் பழித்தனர். ஆயின், அதே நூலின் இரண்டாம் அதிகாரத்தில், ஆண்மக்களுக்கு மட்டும் கல்வி புகட்டிப் பெண்மக்களை விடுதல் முறையாகுமா என்று அவர் வினவுதல் நோக்கற்பாலது. போற்றியோரும் பழித்தோரும் ஒருங்கே இவ்வினாவைப் பொருட்படுத்தாது விட்டனர். கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற நான்சி லீ சுவான், அம்மையாரின் வாழ்க்கையையும் எழுத்துக்களையும் ஆராய்ந்து 1932இல் நூலொன்று வெளியிட்டார். அவரது குடும்பச் சூழல், அரண்மனைப் பணி, பிற ஆக்கங்கள் ஆகியவற்றோடு சேர்த்து நோக்கும்போதே இவ்வறிவுரை நூலின் பொருள் தெளிவுறும்.

பான் சாவோ தனியொரு விதிவிலக்கு என்பாரும் உளர். அதற்கு விடையாக அமைவது ஹூ வென்காய் 1957இல் வெளியிட்ட அட்டவணையாகும். பல நூற்றாண்டுகளில் வாழ்ந்த 4,000க்கும் மேற்பட்ட பெண் எழுத்தாளரை அது தொகுத்துரைக்கின்றது. அவருட் பெரும்பாலார் சிங் வமிச காலத்தினர். பதினேழாம் நூற்றாண்டில் ஹாங்சௌ நகரப் பெண்கள் கூடிக் கவிதை பாடிய சங்கமொன்று ‘வாழைத் தோட்டம்’ என வழங்கிற்று. யுவான் மெய் என்னும் கவிஞர் தம் மாணவியரின் கவிதைகளைத் தொகுத்து 1796இல் வெளியிட்டார். சாங் சுவேசெங் என்னும் வரலாற்றறிஞர் அவரைக் கடிந்து, பெண்களின் பழைய கல்வி சடங்கும் சாத்திரமும் சார்ந்ததென வாதித்தார். பெண் கற்கலாமா என்பது இவ்விருவரிடையே வினாவாக எழவில்லை. எதனைக் கற்க வேண்டும் என்பதே வழக்காயிற்று. டொரதி கோ 1994இலும் சூசன் மான் 1997இலும் வெளியிட்ட ஆய்வு நூல்கள் இவ்வுலகினை விரிவாக விளக்கின.

ஆயினும் ஆராய்வோர் மறுதலைக்குச் சென்று மயங்குதல் கூடாது. இப்பெண்கள் பெரும்பாலும் யாங்சி ஆற்றின் கீழ்ப்புறத்துச் செல்வக் குடும்பங்களிற் பிறந்தோர். வயலிலும் தறியிலும் உழைத்த எண்ணிறந்த பெண்கள் எழுத்தறியாது மறைந்தனர். எழுதியோருள்ளும் சிலர், புகழ் நாடுதல் பெண்மைக்கு இழுக்கெனக் கருதித் தம் கவிதைகளைத் தாமே தீயிலிட்டனர். எரிந்தவை போக எஞ்சியவை என்னும் பொருள்படப் பெயர் பூண்ட தொகுதிகள் பல இன்றும் உள. கவிதை புனைந்த கரமும் அதனை எரித்த கரமும் ஒன்றே என்பதை உணராதார் அக்காலத்தை உணர்ந்தவராகார்.

பண்பாட்டு வரலாற்றை உயர்பட்டத்திற்குப் பயிலும் மாணவர் இதிலிருந்து பெறும் பாடம் யாது? அறநூல் ஒன்று இவ்வாறு வாழ்க என விதிப்பதனால், மக்கள் அவ்வாறே வாழ்ந்தனர் என முடிவு கட்டுதல் தவறு. விதியோடு கடிதங்களையும் கவிதைகளையும் குடும்பக் குறிப்புக்களையும் ஒப்பிட்டு நோக்கல் வேண்டும். பெண்கள் எழுதிய நூல்கள் பல நூலகங்களில் தேடுவாரற்றுக் கிடந்தன; மக்கில், ஹார்வர்ட் பல்கலைக்கழகங்களின் முயற்சியால் 2005 முதல் அவற்றுட் பல கணினி வழியே படித்தற்கு எளியவாயின. பான் சாவோ எழுப்பிய வினா ஏறத்தாழப் பத்தொன்பது நூற்றாண்டுகள் பழமையுடையது. அவர் கூறிய பணிவை மட்டும் கேட்டு, அவர் எழுப்பிய வினாவைக் கேளாதிருத்தல் வரலாற்று மாணவர்க்கு அழகன்று.