கோபுரத்துக்குள் ஒரு மரம்

பெர்லின் நகரை அடுத்த ஷோனபெர்க்கில் பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு தாவரத் தோட்டம் இருந்தது. அதன் பழைய கோபுரம் ஒன்றினுள், வெளிக் குளிர் தாக்காதபடி, டிராசீனா மரம் ஒன்றை வைத்து வளர்த்தார்கள். கானரித் தீவுகளின் வெயிலில் வளர வேண்டிய மரம் அது. பட்டையைக் கீறினால் இரத்தம் போலச் சிவந்த பிசின் வடியும். டிராகனின் இரத்தம் என்ற பெயரில் அந்தப் பிசினை மருந்துக்கும் வார்னிஷுக்கும் விற்றார்கள். டிராசீனா என்ற சொல்லுக்கே கிரேக்க மொழியில் பெண் டிராகன் என்றுதான் பொருள்.

அந்தக் கோபுரத்துக்கு ஓர் இளைஞன் வந்து போனான். அலெக்ஸாண்டர் வான் ஹம்போல்ட், 1769-ல் பிறந்தவன். செல்வர் வீட்டுப் பிள்ளை. மகன் அரசாங்க உத்தியோகம் பார்க்க வேண்டும் என்பது தாயின் விருப்பம். பிள்ளையின் மனமோ எங்கேயோ இருந்தது. எழுபது வயதைக் கடந்தபின், 1847-ல் வெளிவந்த 'காஸ்மாஸ்' இரண்டாம் பாகத்தில், தூர தேசங்களைக் காணும் அடங்காத ஆசைக்கு வித்திட்டவற்றுள் அந்த மரத்தையும் அவர் மறக்காமல் சேர்க்கிறார். மனிதருக்கு எத்தனை ஞாபகம் பாருங்கள்!

தாய் 1796-ல் காலமானார். சொத்து கைக்கு வந்தது, உத்தியோகம் போயிற்று. 1799 ஜூன் மாதம், தென் அமெரிக்காவுக்குப் போகும் வழியில் டெனெரீஃப் தீவில் இறங்கினார் ஹம்போல்ட். ஒரோடாவா ஊரில் ஒரு தோட்டத்துக்குள் நின்ற புகழ் பெற்ற டிராகன் மரத்தை அளந்தும் பார்த்தார். அடிமரத்தின் சுற்றளவு 45 அடி!

எனக்கென்னவோ ஷோனபெர்க் தோட்டக்காரர்கள் மேல்தான் அதிக மரியாதை. பனி பெய்யும் நாட்டில் அதை வாட விடாமல் காப்பது லேசான காரியமா? இன்று நம் நகரத்து வரவேற்பறைகளில் இந்த இனத்துச் செடிகள் நிற்கின்றன. (நம் ஊரில் நார் எடுக்கும் மருளையும் இப்போது தாவரவியலார் இந்த இனத்திலேயே சேர்த்துவிட்டார்கள்.) வெளிச்சம் சற்றுக் குறைந்தாலும் பல வகைகள் பொறுத்துக்கொள்ளும். பொறுக்காதது தேங்கிய தண்ணீரைத்தான். மேல் மண் நன்றாக உலர்ந்த பிறகே ஊற்ற வேண்டும். தொட்டியின் அடியில் துளை வேண்டும். இலை நுனி பழுப்பதைக் கண்டு, 'ஐயோ, தாகம்!' என்று குடம் குடமாக ஊற்றி வேரை அழுக வைப்பவர்கள் உண்டு. குழாய்த் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடு கூட நுனியைக் கருக்கும். மழைத் தண்ணீர் உத்தமம். செடி கூரையைத் தொட்டால் உச்சியை வெட்டிவிடலாம்; வெட்டுக்குக் கீழே புதுத் தளிர் வரும், வெட்டிய தலையும் மண்ணில் வேர் விடும். நாயும் பூனையும் மட்டும் இலையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவற்றுக்கு அது நஞ்சு.

ஹம்போல்ட்டின் ஆசை இன்னொருவரையும் பிடித்துக்கொண்டது. கேம்பிரிட்ஜ் மாணவராயிருந்த சார்லஸ் டார்வின் அவருடைய பிரயாண நூலைத் திரும்பத் திரும்பப் படித்தார். தம் ஆசிரியர் ஹென்ஸ்லோவுக்கு 1831-ல் எழுதிய கடிதத்தில், அந்த டிராகன் மரத்தைப் பார்த்தே தீருவோம் என்கிறார். 1832 ஜனவரியில் 'பீகிள்' கப்பல் டெனெரீஃபை நெருங்கியது. இங்கிலாந்தில் காலராவாம், பன்னிரண்டு நாள் கழித்துத்தான் இறங்கலாம் என்று தீவின் அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். காத்திருக்கத் தலைவர் ஃபிட்ஸ்ராய்க்கு மனமில்லை. தீவின் சிகரத்தைக் கடலிலிருந்து பார்த்ததோடு சரி. மரத்தைப் பார்க்காமலே டார்வின் போனார்.

அந்த மரம் 1819-லேயே ஒரு புயலில் தன் முடியில் ஒரு பகுதியை இழந்திருந்தது. 1859-ல் ஹம்போல்ட் மறைந்தார். அதற்கப்புறம் பத்து ஆண்டு கூட அது நிற்கவில்லை. இன்னொரு புயல் அடியோடு சாய்த்துவிட்டது. ஆயிரக்கணக்கான ஆண்டு வயது என்று ஐரோப்பா முழுதும் பேசிய மரம். விழுந்த பிறகாவது எண்ணிப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. தேக்கையும் வேம்பையும் போல ஆண்டு வளையம் போடும் சாதி அல்ல அது.