குருதியில் விடுத்த தூது

1990ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14ஆந் திகதி, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேரிலாந்து மாநிலத்திலே, பெதெஸ்டா என்னும் ஊரிலுள்ள தேசிய சுகாதார நிறுவகங்களின் வைத்தியசாலையில், நான்கு வயதுச் சிறுமியொருத்தியின் கை நாளத்தினூடாகக் கலங்கள் நிறைந்த ஒரு திரவம் சொட்டுச் சொட்டாக ஏற்றப்பட்டது. அரை மணி நேரத்துள் எல்லாம் முடிந்துவிட்டது. அயலில் நின்று பார்த்தவர்க்கு அது சாதாரணக் குருதியேற்றலாகவே தோன்றியிருக்கும். ஆயினும், ஏறிய கலங்கள் பிறருடையவை அல்ல, அவளுடையவையே. முன்னரே அவள் குருதியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, அவளிடம் பிறவியிலேயே பழுதுற்றிருந்த பரம்பரையலகு ஒன்றின் செம்மையான படி உள்ளே சேர்க்கப்பெற்று, மீண்டும் அவள் உடலுக்கே திரும்பிய கலங்கள் அவை. உரிய குழுக்களின் அனுமதியோடு, நோய் தீர்க்கும் நோக்கத்துடன் மனிதருக்குச் செய்யப்பட்ட முதலாவது பரம்பரையலகுச் சிகிச்சை இதுவேயாகும். பிரென்ச் அண்டர்சன், மைக்கல் பிளேஸ், கெனத் கல்வர் என்னும் மூவர் இதனை நடத்தினர்.

அச்சிறுமிக்கு வாய்த்த நோய் யாது? உடலைக் காக்கும் படைவீரராகிய நிணநீர்க் குழியங்கள் அவள் உடலில் தங்கி வாழ இயலாதிருந்தன. இதன் காரணம் 1972ஆம் ஆண்டிலே, சியாட்டில் நகரில் பணியாற்றிய எலோயிஸ் கிப்லெற் என்ற பெண் அறிஞரால் எதிர்பாராவகையில் வெளிப்பட்டது. நோயெதிர்க்கும் ஆற்றலற்ற பிள்ளைகளின் குருதியை அவர் சோதித்தபோது, அடினோசின் டிஅமினேஸ் என்னும் நொதியம் அதில் அறவே இல்லாமை கண்டார். இந்நொதியம் வீட்டுக் கழிவை அகற்றும் பணியாளைப் போன்றது. அது இல்லையாயின், கலங்களினுள்ளே நச்சுப்பொருள் தேங்கும். பிற கலங்கள் ஓரளவு தாங்கிக்கொள்ளும், நிணநீர்க் குழியங்களோ மாளும். சாதாரணத் தடிமனும் அத்தகைய பிள்ளைக்கு உயிராபத்தாகிவிடும்.

பொருத்தமான உடன்பிறந்தார் ஒருவரின் என்பு மச்சை கிடைப்பின் நோய் தீரும். கிடையாதோர்க்கு, மாட்டிலிருந்து பெறப்பட்ட நொதியத்தை ஊசிவழி செலுத்தும் முறை 1990ஆம் ஆண்டிலேயே அங்கீகாரம் பெற்றிருந்தது. பெதெஸ்டாச் சிறுமியும் அதனைப் பெற்றே வந்தாள். ஆகவே வைத்தியர்கள் முதன்முதலில் இந்நோயைத் தெரிந்தெடுத்தமைக்குத் தக்க காரணம் உண்டு. பழுதுற்றது ஒரேயொரு பரம்பரையலகு. நொதியம் சிறிதளவு சுரந்தாலும் போதும். திருத்தம் பெற்ற கலமே, திருத்தம் பெறாத கலத்தினும் நெடிது வாழும்.

இனி, அச்செம்மையான படியைக் கலத்தினுள்ளே கொண்டுசேர்ப்பவர் யார்? பரம்பரையலகைக் கண்டறிவதினும் அதனை உரிய இடத்துக்கு அனுப்புவதே கடினமான காரியம். அனுப்புவதற்கு மனிதர் தெரிந்தெடுத்த தூதனோ ஒரு பகைவன்: எலிகளுக்குக் குருதிப் புற்றுநோயை உண்டாக்கும் வைரசு. இவ்வகை வைரசுகள் கலத்தினுட் புகுந்து, தம் வாசகத்தைத் திருப்பி எழுதி, அக்கலத்தின் சொந்த வாசகத்தோடு நிலையாகச் சேர்த்துவிடும் தன்மையன. திருப்பி எழுதும் அந்நொதியத்தை 1970ஆம் ஆண்டில் ஹவார்ட் ரெமினும் டேவிட் பால்ரிமோரும் தனித்தனியே கண்டனர்; 1975இல் நோபல் பரிசு பெற்றனர். 1983ஆம் ஆண்டிலே ரிச்சர்ட் மலிகனும் அவருடன் ஆராய்ந்தோரும், வைரசின் சொந்தப் பரம்பரையலகுகளை நீக்கிவிட்டு, அதன் உறையினுள் வேறு வாசகத்தை ஏற்றும் உபாயத்தை வகுத்தளித்தனர். உறை வைரசினுடையது, உள்ளிருக்கும் ஓலையோ மனிதர் எழுதியது. தூதன் ஓலையைச் சேர்ப்பித்தபின் பெருகமாட்டான். அதனால் தீங்கில்லை என நம்பப்பட்டது.

பெதெஸ்டாவில் நிகழ்ந்ததன் பலன் யாது? 1991ஆம் ஆண்டு தொடக்கத்தில் இரண்டாவது சிறுமியும் சேர்க்கப்பட்டாள். இருவருக்கும் பல தடவை கலங்கள் ஏற்றப்பட்டன. 1995ஆம் ஆண்டில் முடிவுகள் வெளிவந்தபோது, முதற் சிறுமியின் ‘ரி’ வகை நிணநீர்க் குழியங்களிற் கணிசமான பங்கு புதிய பரம்பரையலகைத் தாங்கியிருந்தது. இரண்டாமவளிடத்திலோ மிகச் சிலவே தாங்கியிருந்தன. இருவரும் நலமுற்றனர். எனினும் இருவருக்கும் நொதிய ஊசி நிறுத்தப்படவில்லையாதலால், நலத்துக்குக் காரணம் ஊசியோ, பரம்பரையலகோ என்று எவராலும் திட்டமாகக் கூற இயலவில்லை. பத்திரிகைகள் கொண்டாடிய அளவுக்கு அது வெற்றியன்று. இகழ்ந்தோர் கூறிய அளவுக்குத் தோல்வியுமன்று. ஓலை சென்றடையும் என்பதும், கலங்கள் அதனை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் என்பதும் நிறுவப்பட்டன.

ஐயத்துக்கிடமற்ற வெற்றி பாரிஸ் மாநகரிலே கிட்டியது. அங்குள்ள நெக்கர் வைத்தியசாலையில் அலெய்ன் பிஷரும் மரீனா கவசானாவும், ஆண் குழந்தைகளைத் தாக்கும் வேறொரு பிறவி நிர்ப்பீடனக் குறைபாட்டுக்கு 1999ஆம் ஆண்டு சிகிச்சை தொடங்கினர். இந்நோயுடன் பிறந்த சிறுவனொருவன் அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரில் பிளாத்திக்கு அறையினுள்ளே வளர்க்கப்பட்டு, 1984ஆம் ஆண்டு தன் பன்னிரண்டாம் வயதில் இறந்தமை உலகெங்கும் பேசப்பட்ட செய்தி. பாரிஸ் வைத்தியர்கள் முதிர்ந்த குழியங்களை விடுத்து, அவற்றைப் பிறப்பிக்கும் என்பு மச்சைத் தாய்க்கலங்களிலே ஓலையைச் சேர்த்தனர். நொதிய ஊசி போன்ற வேறு துணை இந்நோய்க்கு இல்லையாதலால், விளைந்த நன்மை முழுவதும் பரம்பரையலகையே சாரும். 2000ஆம் ஆண்டு வெளிவந்த அறிக்கை உலகை வியப்பிலாழ்த்தியது. தனியறைகளில் வைத்துக் காக்கப்பட்ட குழந்தைகள் வீடு திரும்பினர்.

2002ஆம் ஆண்டிலே அவர்களுள் ஒரு குழந்தைக்குக் குருதிப் புற்றுநோய் கண்டது. சில மாதங்களுள் இன்னொரு குழந்தைக்கும் கண்டது.

நிகழ்ந்தது இதுதான். மனிதக் கலமொன்றின் பரம்பரை வாசகம் ஏறக்குறைய 300 கோடி எழுத்துக்களைக் கொண்டது. இத்தனை பெரிய ஏட்டிலே தூதன் எங்கேனும் ஓலையைச் செருகுவான். ஆபத்தான இடத்தில் விழுதல் அரிதினும் அரிது என்று கணித்திருந்தனர். ஆனால் தூதன் குருட்டாம்போக்கிற் செருகுபவனல்லன் என்பது பின்னரே தெளிவாயிற்று. சுறுசுறுப்பாக இயங்கும் பரம்பரையலகுகளின் அருகையே அவன் நாடினான். அவ்விரு குழந்தைகளிலும் ‘எல்.எம்.ஓ.2’ என்னும் வளர்ச்சியைத் தூண்டும் பரம்பரையலகின் அருகே ஓலை பதிந்து, வைரசின் சொந்த முடுக்கியாகிய பகுதி அதனை ஓயாது இயங்கச் செய்துவிட்டது. ஏற்றப்பட்ட கலங்களோ கோடிக்கணக்கானவை; அவற்றுள் ஒன்று பிழைபட்டாலும் அதுவே பெருகிப் பரவும். அரிது என்ற கணக்கு அங்கே பொருளற்றுப் போயிற்று.

பாரிசிலும் பின்னர் இலண்டனிலும் இம்முறையிற் சிகிச்சை பெற்ற 20 குழந்தைகளுள் ஐவருக்குப் புற்றுநோய் கண்டது. ஒரு குழந்தை இறந்தது, நால்வர் மருந்தினால் மீண்டனர். 2003ஆம் ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்க அரசாங்கம் இத்தகைய பல பரிசோதனைகளை இடைநிறுத்தியது. பிஷர் முதலியோரைக் குறை கூறினோர் பலர். எனினும் நீதியாக நோக்கின், பொருத்தமான என்பு மச்சை கிடையாத குழந்தைகளுக்கு அவர்கள் முன் இருந்த வழிகள் மிகச் சிலவே. புற்றுநோயைக் கண்டவுடன் மறையாது வெளியிட்டமையும், ஓலை பதிந்த இடத்தை எழுத்தெழுத்தாகத் தேடிக் காட்டியமையுமே அடுத்த தலைமுறைத் தூதனை உருவாக்கின.

அந்தப் புதிய தூதன் முன்னவனினும் கொடியவன்: எயிட்ஸ் நோயை விளைக்கும் எச்.ஐ.வி. வைரசு. நிர்ப்பீடனக் கலங்களை அழிப்பதையே தொழிலாகக் கொண்ட அதனைத் தீங்கு நீக்கி, அதே கலங்களைக் காக்கும் பணிக்கு அமர்த்தலாம் என்பதற்கு 1996ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சால்க் நிறுவகத்தார் வழிகாட்டினர். அயற் பரம்பரையலகுகளை முடுக்கிவிடும் பகுதியும் பின்னர் வெட்டியெறியப்பட்டது.

குறையைத் திருத்துவதோடு இம்முயற்சி நிற்கவில்லை. நலமான கலத்துக்குப் புதிய ஆயுதமும் வழங்கலாயிற்று. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவகத்துச் செலிக் எஷ்ஹார் 1989ஆம் ஆண்டிலேயே, பகைவனை இனங்காணும் பிறபொருளெதிரியின் முனையை ‘ரி’ குழியத்தோடு இணைத்துக் காட்டியிருந்தார். பிலடெல்பியாவிற் கார்ல் ஜூன் குழுவினர், புதிய தூதன் வழியாக அத்தகைய ஆயுதத்தை நோயாளரின் கலங்களுள் ஏற்றினர். 2012ஆம் ஆண்டு, குருதிப் புற்றுநோய் இருமுறை மீண்டெழுந்த ஆறு வயதுச் சிறுமிக்கு அவை ஏற்றப்பட்டபோது, படை கொண்ட ஆவேசமே அவளை உயிராபத்தில் ஆழ்த்தியது. மூட்டுவாதத்துக்கு வழங்கும் மருந்தொன்று சில மணி நேரத்துள் அவளை மீட்டது. பத்தாண்டு கழிந்தும் அவள் நோயின்றி வாழ்ந்தாள்.

2017ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இச்சிகிச்சையை அமெரிக்கா அங்கீகரித்தது; அப்போதைய விலை 475,000 டொலர். 2023ஆம் ஆண்டு ஒக்டோபரில் இந்தியா அங்கீகரித்த, பம்பாய்த் தொழில்நுட்ப நிறுவகத்திற் பிறந்த சிகிச்சையின் அப்போதைய விலை அதில் ஏறக்குறையப் பத்திலொரு பங்காகவே இருந்தது. ஆயினும் சாதாரணக் குடும்பத்துக்கு அதுவும் எட்டாத தொகைதான்.

பெதெஸ்டாச் சிறுமியின் நோய்க்கோ, புதிய தூதன் வழியாகத் தாய்க்கலங்கள் திருத்தப்பெற்ற 50 பிள்ளைகளைப் பற்றிய அறிக்கை 2021ஆம் ஆண்டு அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலுமிருந்து வெளிவந்தது. ஐம்பதின்மரும் உயிரோடிருந்தனர், 48 பேரிடத்தில் திருத்தம் நிலைத்தது. 2024ஆம் ஆண்டு ஜனவரியிலோ, ஆயுதம் ஏந்திய ‘ரி’ குழியங்களைப் பெற்ற சிலரிடம் அக்குழியங்களிலேயே புற்றுநோய் அரிதாகத் தோன்றியமை கண்டு, அவற்றின் மீது எச்சரிக்கை பொறிக்குமாறு அமெரிக்க மருந்து அதிகாரிகள் பணித்தனர். அக்கலங்களைப் பெற்றோர் வாழ்நாள் முழுவதும் கண்காணிக்கப்படல் வேண்டும் என்பது அவ்வெச்சரிக்கையின் வாசகம்.